கைக்கடிகாரம் சொல்லும் ‘அழுத்தம்’ எதை அளக்கிறது?

காலை பத்து மணிக்குத் தொடங்கிய காணொளிக் கூட்டம் பதினொன்றரைக்கு முடிகிறது. ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைப்பதற்குள், மணிக்கட்டில் உள்ள ஸ்மார்ட் வாட்ச் மெல்ல அதிர்ந்து, “அழுத்தம் 78, ஒரு நிமிடம் ஆழ்ந்து மூச்சு விடுங்கள்” என்கிறது. வீட்டின் ஓர் அறையையே அலுவலகமாக்கிக்கொண்டு வேலை பார்க்கும் பலருக்கு இது பழகிப்போன காட்சி. அந்த 78 எங்கிருந்து வந்தது? மனத்தில் ஓடுவது மணிக்கட்டில் கட்டிய கருவிக்கு எப்படித் தெரிந்தது? உண்மையில் அதற்கு மனத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. இதயம் துடிக்கும் விதத்தில் ஏற்பட்ட ஒரு சிறு மாற்றத்தைக் கண்டு, அதிலிருந்து அது மனத்தை ஊகிக்கிறது. அந்த ஊகம் எங்கே பலிக்கும், எங்கே பொய்க்கும் என்று அறிந்தவருக்குக் கருவி உதவும்; அறியாதவருக்கு அது கவலைப்படுவதற்கு இன்னொரு காரணமாகிவிடும். ஆகவே கருவிகளின் பெயர்களுக்குப் போவதற்கு முன்பு இதயத்திலிருந்து தொடங்குவதே முறை.

விட்டால் நூறு, பிடித்தால் அறுபது

இதயம் துடிப்பதற்கு மூளையின் ஆணை தேவையில்லை. இதயத்தின் வலது மேலறைச் சுவரில் இருக்கும் சைனோ ஏட்ரியல் கணு என்னும் சிறு திசுப்பகுதி, தானாகவே மின்துடிப்புகளை எழுப்பிக்கொண்டிருக்கிறது; ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் என்ற இருவர் 1907-இல் இதை அடையாளம் கண்டனர். நரம்புகளின் தலையீடே இல்லாமல் விட்டுவிட்டால், இளம் வயதினரின் இதயம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 100 முறை துடிக்கும். ஆனால் அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது நம்முடைய துடிப்பு 60-க்கும் 75-க்கும் இடையில்தான் பெரும்பாலும் இருக்கிறது. அப்படியானால் ஏதோ ஒன்று இதயத்தை ஓயாமல் பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கிறது என்றுதானே பொருள்?

அந்தப் பிடிதான் வேகஸ் நரம்பு. லத்தீனில் ‘அலைவது’ என்று பொருள்படும் பெயர் கொண்ட இந்த நரம்பு, மூளையின் அடிப்பகுதியில் புறப்பட்டுக் கழுத்து, நெஞ்சு, வயிறு என்று அலைந்து செல்கிறது. பள்ளிப் பாடத்தில் எதிர்ப்பரிவு நரம்பு மண்டலம் என்று படித்ததன் முதன்மையான கிளை இதுவே. 1921-இல் ஓட்டோ லோவி என்பவர் ஒரு தவளையின் இதயத்தோடு இணைந்த வேகஸ் நரம்பைத் தூண்டி, அந்த இதயம் மூழ்கியிருந்த திரவத்தை எடுத்து வேறொரு தவளையின் இதயத்தில் செலுத்தினார்; இரண்டாவது இதயமும் மெதுவானது. நரம்பு ஒரு வேதிப்பொருளைச் சுரந்தே இதயத்தை அடக்குகிறது என்பதை நிறுவிய இந்தப் பணிக்காக 1936-இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. அதே 1936-இல்தான் ஹான்ஸ் செல்யே, உடல் எந்த வகைத் தாக்குதலுக்கு உள்ளானாலும் ஒரே மாதிரியான எதிர்வினையைக் காட்டுகிறது என்ற சிறு கட்டுரையை ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார். ‘ஸ்ட்ரெஸ்’ என்று இன்று எல்லோரும் சொல்லும் சொல் மருத்துவ உலகில் வேரூன்றியது அவருடைய ஆய்வுகளால்தான்.

மறுபக்கத்தில் பரிவு நரம்பு மண்டலம் இருக்கிறது. ஆபத்து வரும்போது ஓடுவதற்கோ எதிர்த்து நிற்பதற்கோ உடலைத் தயாராக்குவது அதன் வேலை. வண்டியோடு ஒப்பிட்டால் பரிவு நரம்பு ஆக்சிலரேட்டர், வேகஸ் நரம்பு பிரேக். இரண்டுக்கும் வேகத்தில் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. பரிவு நரம்பின் விளைவு இதயத்தில் தெரியச் சில நொடிகள் ஆகும். வேகஸின் பிரேக்கோ அடுத்த துடிப்பிலேயே பிடிக்கும், அடுத்த துடிப்பிலேயே விடும்.

இதை இப்போதே சோதித்துப் பார்க்கலாம். ஒரு கையின் மணிக்கட்டில் மற்றொரு கையின் விரல்களை வைத்து நாடியைத் தொட்டுக்கொண்டு, மெதுவாக ஆழ்ந்து மூச்சை இழுத்து, இன்னும் மெதுவாக வெளியே விடுங்கள். இழுக்கும்போது நாடி சற்று விரைவதையும் விடும்போது தளர்வதையும் பலரால் விரல் நுனியில் உணர முடியும். மூச்சை இழுக்கும்போது பிரேக் தளர்கிறது, விடும்போது இறுகுகிறது. கார்ல் லுட்விக் என்ற ஜெர்மானிய உடலியலாளர் 1847-இலேயே இந்த ஏற்ற இறக்கத்தை வரைபடமாகப் பதிவு செய்திருக்கிறார். (நம் சித்த மருத்துவர்கள் மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் என்று நாடி பார்ப்பது இதே மணிக்கட்டில்தான் என்றாலும், அந்த முறையின் அடிப்படை வேறு, இரண்டையும் ஒன்றாக்கிப் பேசும் விளம்பரங்களை நம்ப வேண்டாம்.)

ஒரே அறுபது, இரண்டு இதயங்கள்

நிமிடத்திற்கு 60 துடிப்பு என்றால் ஒவ்வொரு துடிப்புக்கும் இடையில் சரியாக ஒரு நொடி, அதாவது 1000 மில்லி விநாடி இருக்கும் என்றுதான் நினைப்போம். ஆனால் அமைதியாக இருப்பவரின் இதயத்தில் ஐந்து இடைவெளிகளை அளந்தால் 980, 1030, 960, 1010, 1020 என்று இருக்கலாம். கூட்டினால் 5000, சராசரி 1000, துடிப்பு வேகம் நிமிடத்திற்கு 60. இன்னொருவரின் ஐந்து இடைவெளிகள் 1000, 1005, 995, 1002, 998 என்று வைத்துக்கொள்வோம். இதையும் கூட்டினால் 5000. இவருக்கும் நிமிடத்திற்கு 60. துடிப்பு வேகத்தை மட்டும் பார்க்கும் கருவிக்கு இருவரும் ஒன்றே.

இப்போது அடுத்தடுத்த இடைவெளிகளுக்கிடையே உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். முதலாமவருக்கு 50, 70, 50, 10. இவற்றை வர்க்கப்படுத்திக் கூட்டினால் 10,000. நான்கால் வகுத்தால் 2500. வர்க்கமூலம் எடுத்தால் 50 மில்லி விநாடி. இரண்டாமவருக்கு வேறுபாடுகள் 5, 10, 7, 4 மட்டுமே. அதே கணக்கைப் போட்டால் ஏறத்தாழ 7 மில்லி விநாடி வரும். இந்த 50, 7 என்ற எண்களுக்குத்தான் துடிப்பு இடைவெளி மாறுபாடு, சுருக்கமாக எச்ஆர்வி, என்று பெயர். இங்கே நாம் போட்ட கணக்கு ‘ஆர்எம்எஸ்எஸ்டி’ என்ற வகையைச் சேர்ந்தது. வேறு வகைக் கணக்குகளும் உண்டு. உண்மையான அளவீட்டுக்கு ஐந்து துடிப்புகள் போதாது. ஐரோப்பிய, வட அமெரிக்க இதயவியல் அமைப்புகள் இரண்டு கூடி 1996-இல் வகுத்த நெறிமுறை, குறுகிய அளவீட்டுக்கு ஐந்து நிமிடப் பதிவையும் நீண்ட அளவீட்டுக்கு 24 மணி நேரப் பதிவையும் பரிந்துரைத்தது.

முதன்முறை கேட்பவருக்கு வியப்பளிக்கும் செய்தி என்னவென்றால், இந்த மாறுபாடு அதிகமாக இருப்பதே பொதுவாக நல்லது. கடிகார முள்போல ஒரே சீராகத் துடிப்பதுதான் ஆரோக்கியம் என்று நாம் நினைத்திருக்க, அமைதியான இதயமோ சற்றே தாளம் பிசகித் துடிக்கிறது. பிரேக் நன்றாக வேலை செய்கிறது, மூச்சுக்கு மூச்சு இறுகியும் தளர்ந்தும் இயங்குகிறது என்பதன் அடையாளம் அது. மேலதிகாரியிடமிருந்து காட்டமான செய்தி வந்தவுடன் வேகஸ் தன் பிடியை விடுகிறது, இடைவெளிகள் ஒன்றுபோலாகின்றன, எச்ஆர்வி எண் விழுகிறது. கைக்கடிகாரம் ‘அழுத்தம்’ என்று சொல்வதற்கான முதன்மை ஆதாரம் இந்த வீழ்ச்சிதான். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் போன்ற துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுடைய இடைவெளிகள் நோயினாலேயே தாறுமாறாக இருக்கும் என்பதால், எண் பெரிதாக வந்தாலும் அதற்கு அமைதி என்று பொருள் இல்லை. இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரைகளை உட்கொள்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இந்த எண்ணுக்குப் பொருள் கற்பிக்கக் கூடாது.

பச்சை ஒளி பார்க்கும் வேலை

கைக்கடிகாரத்தைக் கழற்றித் திருப்பினால் அடிப்பக்கத்தில் பச்சை விளக்குகள் மினுங்குவதைக் காணலாம். இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பின்போதும் மணிக்கட்டின் நுண்குழாய்களில் இரத்தம் பெருகுவதால் திரும்பி வரும் ஒளி குறைகிறது. துடிப்புகளுக்கிடையே அது கூடுகிறது. நொடிக்குப் பலமுறை இந்த ஒளியை அளந்து, அலையின் முகடுகளுக்கிடையேயான நேரத்தைக் கருவி கணக்கிடுகிறது. இந்த உத்தி புதிதன்று. ஆல்ரிக் ஹெர்ட்ஸ்மேன் 1930-களிலேயே ஒளியையும் ஒளி உணர் கருவியையும் கொண்டு தோலின் இரத்த ஓட்டத்தைப் பதிவு செய்தார்.

இங்கே இரண்டு செய்திகளை மனத்தில் கொள்ள வேண்டும். முதலாவது, கைக்கடிகாரம் பார்ப்பது இதயத்தின் மின்துடிப்பை அன்று. அந்தத் துடிப்பால் உந்தப்பட்ட இரத்தம் மணிக்கட்டுக்கு வந்து சேர்வதைத்தான். மார்பில் கட்டும் பட்டையோ மின்துடிப்பையே நேரடியாகப் பிடிப்பதால் இடைவெளிகளைத் துல்லியமாகத் தரும். இரண்டாவது, கை அசைந்தால் ஒளியும் அசையும். மில்லி விநாடிக் கணக்கில் வேறுபாடு பார்க்கும் வேலையில் இந்த அசைவு பெரும் குழப்பத்தை உண்டாக்கும். ஆகவே பல கருவிகள் உடல் அசையாத வேளைகளில் மட்டுமே அழுத்தத்தைக் கணிக்கின்றன. நடக்கும்போதும் உடற்பயிற்சியின்போதும் வரைபடத்தில் வெற்றிடம் விடுகின்றன. வீட்டிலிருந்தபடி நாள் முழுவதும் நாற்காலியில் வேலை பார்ப்பவர் அந்த வகையில் இக்கருவிக்கு ஏற்ற ஆள் என்றே சொல்லலாம். ஆனால் விசைப்பலகையில் தட்டச்சு செய்யும்போது மணிக்கட்டின் தசைநாண்கள் ஓயாமல் அசைகின்றன என்பதை மறக்க வேண்டாம். எழுதாத கையில், மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரற்கடை மேலே, நழுவாமலும் இறுக்காமலும் கட்டுவது பிழையைக் குறைக்கும்.

நம் வாசகர்களில் பலருக்கு எழக்கூடிய இன்னொரு கேள்வி: கருத்த தோலில் இந்தப் பச்சை ஒளி சரியாக வேலை செய்யுமா? தோலின் நிறத்துக்குக் காரணமான மெலனினும் பச்சை ஒளியை உறிஞ்சும் என்பதால் கேள்வி நியாயமானதே. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், பல தோல் நிறத்தவர்களான 53 பேரிடம் கருவிகளைச் சோதித்தபோது, இதயத் துடிப்பு வேகத்தின் துல்லியத்தில் தோல் நிறத்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை; ஓய்வைவிட அசைவின்போது பிழை சராசரியாக 30 சதவீதம் கூடியதும், கருவிக்குக் கருவி துல்லியம் வேறுபட்டதுமே அவர்கள் கண்டவை. அவர்கள் சோதித்தது துடிப்பு வேகத்தை. அதைவிட நுட்பமான எச்ஆர்விக்கும் இது அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சில கருவிகள் வியர்வையையும் பார்க்கின்றன. மனம் பரபரக்கும்போது உள்ளங்கை ஈரமாவதை எல்லோரும் அறிவோம். அந்த ஈரம் தோலின் மின்கடத்து திறனைக் கூட்டுகிறது என்பது 1880-களின் இறுதியிலேயே கண்டறியப்பட்டது. வியர்வைச் சுரப்பிகளுக்குப் பிரேக் நரம்பு கிடையாது. ஆக்சிலரேட்டராகிய பரிவு நரம்பு மட்டுமே உண்டு. எனவே கொள்கை அளவில் இது எச்ஆர்வியைவிடத் தெளிவான குறிகாட்டி. 2020-இல் வந்த ஃபிட்பிட் சென்ஸ் கடிகாரத்தின் முகப்பில் உள்ளங்கையை வைத்து இதை அளக்கலாம். 2022-இல் வந்த அடுத்த மாதிரி மணிக்கட்டிலிருந்தே தொடர்ந்து அளக்க முயன்றது. சிக்கல் என்னவென்றால் இந்தச் சுரப்பிகள் அடர்ந்திருப்பது உள்ளங்கையிலும் பாதத்திலும்; மணிக்கட்டில் அன்று. அதோடு, ஏசி இல்லாத அறையில் மே மாதச் சென்னையின் புழுக்கத்தில் வடியும் வியர்வைக்கும் மேலதிகாரியால் வந்த வியர்வைக்கும் இடையே கருவி வேறுபாடு காண்பது எளிதன்று.

கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோனைக் கடிகாரம் அளக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வியர்வையிலிருந்து அதை அளக்கும் ஒட்டுப்பட்டைகள் ஆய்வகங்களில் உருவாகிவருகின்றன. கடையில் வாங்கும் கடிகாரங்கள் செய்வது மேலே சொன்ன ஊகத்தை மட்டுமே.

எண்ணுக்குப் பின்னால் ஒரு சமையல்

துடிப்பு வேகம், எச்ஆர்வி, அசைவு, சிலவற்றில் தோல் வெப்பநிலை ஆகியவற்றைக் கலந்து ஒவ்வொரு நிறுவனமும் தன் கைப்பக்குவத்தில் ஓர் எண்ணைச் சமைக்கிறது. கார்மின் கடிகாரங்கள் 0 முதல் 100 வரை தருகின்றன. 25 வரை ஓய்வு, 50 வரை குறைந்த அழுத்தம், 75 வரை நடுத்தரம், அதற்கு மேல் உயர் அழுத்தம். இந்தக் கணக்கை உருவாக்கியது பின்லாந்தின் ஃபர்ஸ்ட்பீட் நிறுவனம். 2020-இல் அதன் நுகர்வோர் பிரிவை கார்மின் வாங்கிக்கொண்டது. ஊப் (Whoop) என்ற நிறுவனத்தின் மணிக்கட்டுப் பட்டை 0 முதல் 3 வரை தருகிறது. ஆப்பிள் வாட்ச் இதுவரை தானாக எந்த அழுத்த மதிப்பெண்ணையும் தராமல், எச்ஆர்வியை மில்லி விநாடியில் மட்டும் காட்டுகிறது. அதுவும் நாம் மேலே போட்ட கணக்கு வகையில் அன்று, ‘எஸ்டிஎன்என்’ என்ற வேறு வகையில். ஆகவே உங்கள் கடிகாரத்தின் 45-ஐ நண்பரின் கடிகாரத்தின் 60-உடன் ஒப்பிடுவது பொருளற்றது. ஒரே நிறுவனத்தின் கருவியாக இருந்தாலும் ஒப்பீடு உதவாது. எச்ஆர்வி வயதோடு குறையும், பிறவியிலேயே ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடும். எச்ஆர்வி 30 என்பது ஒருவருக்கு இயல்பு, மற்றவருக்கு வீழ்ச்சி. ஒப்பிட வேண்டியது உங்களுடைய சென்ற மாதத்தோடு மட்டுமே.

இந்தத் துறையில் பின்லாந்தின் பெயர் அடிக்கடி வருவதற்குக் காரணம் உண்டு. பனிச்சறுக்கு வீரர்களின் பயிற்சிக்காக அங்கே 1977-இல் தொடங்கப்பட்ட போலார் நிறுவனம், 1980-களின் தொடக்கத்திலேயே கம்பியில்லா இதயத் துடிப்பு அளவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதே போன்ற அளவீடுகளை விரலிலிருந்து எடுக்கும் ஓரா மோதிரம் பிறந்த ஊலு நகரமும் அங்கேதான் இருக்கிறது. விளையாட்டு வீரர் நேற்றைய பயிற்சியிலிருந்து மீண்டுவிட்டாரா என்று பார்க்கப் பிறந்த கணக்கு, பிற்பாடு அலுவலக ஊழியரின் மனத்துக்கு இடம் மாறியது. இந்தப் பிறப்பிடத்தை நினைவில் வைத்துக்கொண்டால், அது எதில் வல்லது, எதில் தடுமாறும் என்பது விளங்கும்.

கடிகாரமும் ஆளும் ஒத்துப்போகிறார்களா?

நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் ஐகோ ஃபிரீட் என்பவரின் குழு இந்தக் கேள்வியை நேரடியாகவே சோதித்தது. ஏறத்தாழ 800 இளைஞர்கள் மூன்று மாதங்களுக்கு கார்மின் விவோஸ்மார்ட் 4 பட்டையை அணிந்தனர். நாளுக்கு நான்கு முறை தங்கள் அழுத்தம், களைப்பு முதலியவற்றைத் தாங்களே கைப்பேசியில் பதிவிட்டனர். 2025-இல் வெளியான முடிவு, அழுத்தத்தைப் பொறுத்தவரை பெரும்பாலானோரிடம் இரண்டுக்கும் ஏறக்குறைய எந்தத் தொடர்பும் இல்லை என்றது. கடிகாரம் ‘உயர் அழுத்தம்’ என்று காட்டிய வேளையில் ஆள் நிம்மதியாக இருந்ததும், அவர் தவித்த வேளையில் கடிகாரம் அமைதி காட்டியதும் அரிதாக நிகழவில்லை. களைப்போடு சிறிதளவு தொடர்பு தெரிந்தது. உறக்க அளவோடு இருந்த தொடர்பே எல்லாவற்றிலும் மேலானது.

கருவி பழுது என்று இதைப் புரிந்துகொள்வது தவறு. இதயத்தின் பிரேக் தளர்ந்ததை அது பெரும்பாலும் சரியாகவே பார்த்திருக்கும். பிரேக் ஏன் தளர்ந்தது என்பதுதான் அதற்குத் தெரியாது. கிரிக்கெட் ஆட்டத்தின் கடைசி ஓவரில் வரும் படபடப்புக்கும் வேலை போய்விடுமோ என்ற படபடப்புக்கும் மணிக்கட்டில் ஒரே முகம்தான். இரண்டாவது குவளை காபி, வயிறு நிறைந்த மதிய உணவு, முதல் நாள் இரவு குடித்த மது, வரப்போகும் காய்ச்சல், மாதவிடாய்ச் சுழற்சியின் பின்பாதி ஆகிய எல்லாமே துடிப்பைக் கூட்டி எச்ஆர்வியைக் குறைக்கும்.

எதிர்ப்பக்கத்துப் பிழைதான் எனக்குப் பெரிய கவலையாகத் தெரிகிறது. வீட்டிலிருந்து வேலை செய்வதன் துன்பங்களில் பரபரப்பு ஒரு பங்குதான். நாள் முழுவதும் எவரோடும் முகம் பார்த்துப் பேசாத தனிமை, செய்த வேலையை யாரும் காணவில்லை என்ற சலிப்பு, எதிலும் பிடிப்பற்ற சோர்வு ஆகியவை மீதிப் பங்கு. இவை இதயத்தை விரட்டுவதில்லை. மனம் கசந்து, திரையை வெறித்தபடி அசையாமல் உட்கார்ந்திருப்பவரின் மணிக்கட்டில் கடிகாரம் ‘ஓய்வு’ என்று நீல நிறத்தில் காட்டிக்கொண்டிருக்கக்கூடும். அந்த நீலத்தை நம்பி, தனக்கு ஒன்றுமில்லை என்று அவர் முடிவு செய்துவிடக் கூடாது.

அப்படியானால் எதற்குப் பயன்படும்?

அலுவலகத்துக்குப் போய் வந்த காலத்தில், ஒரு கூட்டத்திலிருந்து இன்னொரு கூட்டத்துக்குப் போக நான்கு அடியாவது நடந்தோம். இடையில் தேநீர்க் கடை இருந்தது. மாலையில் பேருந்துப் பயணம் வேலையையும் வீட்டையும் பிரித்து வைத்தது. வீட்டில் அந்த இடைவெளிகள் இல்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் கூட்டம் முடிகிறது, அடுத்த பொத்தானில் இன்னொன்று தொடங்குகிறது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் 2021-இல் 14 பேருக்கு மூளை மின்னலைத் தொப்பி அணிவித்து, நான்கு அரைமணி நேரக் கூட்டங்களை ஒரு நாள் இடைவேளையின்றியும் மற்றொரு நாள் பத்து நிமிட இடைவேளைகளோடும் நடத்திப் பார்த்தது. இடைவேளை இல்லாத நாளில் அழுத்தத்தோடு தொடர்புடைய பீட்டா அலைகள் கூட்டத்துக்குக் கூட்டம் ஏறிக்கொண்டே போயின. இடைவேளை விட்ட நாளில் ஏறவில்லை. பதினான்கு பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் கைக்கடிகாரத்தின் வரைபடத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்பதற்கு அது ஒரு குறிப்பைத் தருகிறது: கோடு எவ்வளவு உயரம் ஏறியது என்பதைவிட, ஏறிய கோடு எப்போது இறங்கியது என்பதைப் பாருங்கள். வேலை செய்யும்போது கோடு ஏறுவது இயல்பு. இரவு ஒன்பது மணிக்கு மடிக்கணினியை மூடிய பிறகும், உறங்கத் தொடங்கி மூன்று மணி நேரம் ஆன பிறகும் இறங்காத கோடு கவனத்துக்குரியது.

இந்தக் காரணத்தால் கருவியின் மிக நம்பகமான பகுதி இரவுப் பதிவுதான். உறக்கத்தில் கை அசையாது, காபி இல்லை, பேச்சு இல்லை. உங்கள் இரவு எச்ஆர்வியின் ஏழு நாள் சராசரி, முந்தைய மாதத்தைவிடத் தொடர்ந்து குறைந்தும், உறக்கத் துடிப்பு வேகம் கூடியும் வந்தால், உடல் ஏதோ ஒன்றிலிருந்து மீளவில்லை என்று கொள்ளலாம். ஒரு நாள் எண்ணைப் பொருட்படுத்த வேண்டாம்.

பகல் பதிவைப் பயன்படுத்த எளிய முறை ஒன்று உண்டு. முதல் இரண்டு வாரங்களுக்குக் கடிகாரத்தின் எச்சரிக்கை அதிர்வுகளை நிறுத்தி வையுங்கள். ஒரு சிறு நோட்டில், நாளுக்கு நான்கு முறை, கடிகாரத்தைப் பார்ப்பதற்கு முன்பே, அப்போது எப்படி இருக்கிறது என்று 0 முதல் 10 வரை நீங்களே ஓர் எண்ணை எழுதி, பக்கத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் குறியுங்கள். இரவில் கடிகார வரைபடத்தைத் திறந்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாடிக்கையாளர் கூட்டம்தான் காரணம் என்று நினைத்த மூன்று மணி ஏற்றம், அந்தக் கூட்டம் இல்லாத நாளிலும் அதே நேரத்தில் வருகிறது என்றால், குற்றவாளி மதியக் காபியாக இருக்கலாம். இரண்டும் ஒத்துப்போகும் இடங்கள் வெளிப்பட்டால், அங்கே மட்டும் கருவியை நம்பத் தொடங்கலாம். இரண்டு வாரத்திலும் எதுவுமே ஒத்துப்போகவில்லை என்றால், உங்களைப் பொறுத்தவரை பகல் எண்ணுக்கு மதிப்பில்லை. நோட்டைத் தொடர்ந்தாலே போதும்.

கடிகாரம் சொல்லும் மூச்சுப் பயிற்சிக்கு வருவோம். அதற்கு வலுவான உடலியல் அடிப்படை உண்டு. இரத்த அழுத்தத்தைச் சீராக்கும் உடலின் தானியங்கி ஏற்பாடு ஏறத்தாழ பத்து நொடிக்கு ஒரு சுற்றாக ஏறி இறங்குகிறது. நிமிடத்திற்கு ஆறு மூச்சு, அதாவது பத்து நொடிக்கு ஒன்று என்று விட்டால், மூச்சின் அலையும் இந்த அலையும் ஒன்றோடொன்று இசைந்து, ஊஞ்சலைச் சரியான கணத்தில் தள்ளியதுபோல் துடிப்பின் ஏற்ற இறக்கம் பெருகுகிறது. இத்தாலியின் லூசியானோ பெர்னார்டி குழு 2001-இல் வெளியிட்ட ஆய்வில், லத்தீனில் செபமாலை சொன்னாலும் யோக மந்திரம் ஒன்றை ஓதினாலும் மூச்சு தானாகவே நிமிடத்திற்கு ஆறு அளவில் வந்து நின்றதைப் பதிவு செய்தனர். நான்கு நொடி இழுத்து, ஆறு நொடி விடுவது தொடங்குவதற்கு எளிது.

ஆனால் இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. மெதுவாக மூச்சு விட்டால், மனத்தில் என்ன ஓடினாலும், எச்ஆர்வி உடனே கூடும். மூச்சுதான் அதை ஆட்டுகிறது என்பதை முன்பே பார்த்தோம். ஆகவே ஒரு நிமிடப் பயிற்சிக்குப் பின் 78 என்பது 40 ஆனதைக் கண்டு சிக்கல் தீர்ந்தது என்று எண்ணிவிடக் கூடாது. அந்த ஒரு நிமிடம் உடலுக்கு நல்லதே. பத்துப் பேர் செய்ய வேண்டிய வேலையை மூன்று பேரிடம் தந்திருக்கும் ஏற்பாடு அதனால் மாறப்போவதில்லை.

அளப்பதால் வரும் தொல்லை

உறக்கத்தை அளக்கும் கருவியின் மதிப்பெண்ணை உயர்த்த வேண்டும் என்ற கவலையாலேயே உறக்கம் கெட்டுச் சிகிச்சைக்கு வந்தவர்களைப் பற்றி 2017-இல் அமெரிக்க மருத்துவ ஆய்வாளர்கள் எழுதி, அந்த நிலைக்கு ‘ஆர்த்தோசோம்னியா’ என்று பெயரிட்டனர். அழுத்த மதிப்பெண்ணுக்கும் இது பொருந்தும். அதிர்வு வந்தவுடன் ‘ஐயோ’ என்று இதயம் பதறினால், அந்தப் பதற்றமே அடுத்த எண்ணை ஏற்றும். ஏற்கனவே உடல்நலம் குறித்து மிகுந்த அச்சம் கொள்ளும் இயல்புடையவர் இந்தக் கருவியை வாங்காமலிருப்பதே நல்லது என்பது என் கருத்து. இரண்டு வாரத்துக்கு மேல் உறக்கமின்மையோ மனச்சோர்வோ தொடர்பவர், எண் எதுவாக இருந்தாலும் ஓர் ஆளிடம் பேச வேண்டும். இந்தியாவில் உள்ளவர்கள் டெலி மனாஸ் என்ற அரசு உதவி எண்ணான 14416-ஐ எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். நெஞ்சுவலி, மயக்கம் போன்றவற்றுக்கு நேரே மருத்துவமனைக்குத்தான் செல்ல வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

கடைசியாக, கடிகாரத்தை நீங்கள் வாங்காமல் நிறுவனமே ‘ஊழியர் நலத் திட்டம்’ என்று கொடுத்தால் என்ன செய்வது? அப்போது எண்ணைப் பார்ப்பவர் யார் என்ற கேள்வி எழுகிறது. பணியிடங்களில் இதயத் துடிப்பு போன்ற உயிரளவைத் தரவுகளைக் கொண்டு ஊழியரின் உணர்ச்சிகளை ஊகிக்கும் செயற்கை நுண்ணறிவு அமைப்புகளை, மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் நீங்கலாக, ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி 2 முதல் தடை செய்திருக்கிறது. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அத்தகைய தடை இல்லை. உடல்நலத் தரவுக்கென்று தனியான, கூடுதல் பாதுகாப்புள்ள வகையும் அதில் வகுக்கப்படவில்லை. பணி தொடர்பான சில நோக்கங்களுக்கு ஒப்புதல் இல்லாமலேயே தரவைக் கையாளவும் அது முதலாளிக்கு இடமளிக்கிறது. எனவே அந்தக் கடிகாரத்தைக் கையில் கட்டுவதற்கு முன், என் பெயரோடு சேர்ந்த எண்ணை நிறுவனத்தில் யார் பார்ப்பார்கள், அது பணி மதிப்பீட்டில் சேருமா, அணிய மறுத்தால் என்ன ஆகும் என்ற மூன்று கேள்விகளையும் மனிதவளத் துறைக்கு மின்னஞ்சலில் அனுப்பி, பதிலை எழுத்திலேயே பெற்று வைத்துக்கொள்ளுங்கள். பதில் வரும் வரை அது பெட்டியிலேயே இருக்கட்டும்.